கடலூரில் நாலு பேர் வீட்டுக்குச் சத்தான சாப்பாடு: சந்தையா, தெரு வண்டியா, டெலிவரி ஆப்பா, இயற்கை அங்காடியா?

"மாசம் சாப்பாட்டுக்குன்னு ஒதுக்குற பணம் இவ்வளவுதான். இதுக்குள்ள பிள்ளைங்களுக்கு நல்லதா வாங்கணும். உழவர் சந்தைக்கே போறதா, ஆர்கானிக் கடைக்கு மாறிடறதா?" கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கத்துக் குடும்பங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கடையின் பெயரைப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு கடை கிடையாது. காய்க்கு ஓரிடம், மீனுக்கு ஓரிடம், எண்ணெய்க்கு வேறிடம் என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு உட்காரும்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பணம் இறுக்கமாக இருக்கிற வீட்டில், 'இயற்கை' என்ற சீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தைவிட, சாதாரணக் காயையும் பருப்பையும் சின்ன மீனையும் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிற பணத்துக்குத்தான் பலன் அதிகம். இதில் விதிவிலக்குகள் உண்டு. அவை அந்தந்த இடத்தில் வரும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் அளவு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரு தட்டு வகுத்திருக்கிறார்கள். காய், கீரை சேர்த்து 400 கிராம். பழம் 100. தானியம் 250. பருப்பு, முட்டை, மீன், கறி இவற்றில் 85. பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

காயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்குப் பதினொரு கிலோ. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் குறையும். நம் வீடுகளில் சாம்பாரில் நாலு துண்டு, ஓரமாக ஒரு கைப்பிடி பொரியல், மீதித் தட்டு முழுக்கச் சோறு. இந்த அளவில் சாப்பிடுகிற வீடு மருந்தடிக்காத கத்திரிக்காய்க்கு மாறினாலும் தட்டில் பெரிதாக ஒன்றும் மாறாது. ஒரு உதாரணத்துக்கு, காய்க்கு வாரம் 500 ரூபாய், சாதாரணக் காய் சராசரியாகக் கிலோ 45, இயற்கைக் காய் 90 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் பதினொரு கிலோ வரும், இரண்டாவதில் ஐந்தரை. தேவையில் பாதி போய்விட்டது.

இரண்டாவது, தட்டுக்கு வந்து சேரும் விலை. கழிவு, அழுகல், பெட்ரோல், டெலிவரிக் கட்டணம் எல்லாம் இதில் சேரும். மூன்றாவது, பறித்து அல்லது பிடித்து எவ்வளவு நேரம் ஆகிறது. நான்காவது, மருந்து, தண்ணீர், கலப்படம். கடைசியாக உங்கள் நேரம். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் மூன்றாவது வாரமே சந்தைக்குப் போவது நின்றுவிடுவது இதனால்தான்.

உழவர் சந்தை

1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம். நம் மாவட்டத்தில் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் உள்ளிட்ட ஊர்களில் இருக்கிறது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். தினமும் காலையில் அதிகாரிகள் விலையை முடிவு செய்து பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே நிற்கும்படி அந்த விலை இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் பலகையைப் பார்ப்பது அவசியம். எடை பற்றிய பயமும் இங்கே குறைவு.

இங்கே எதை வாங்குவது என்பதுதான் சூட்சுமம். கத்திரி, வெண்டை, புடலை, பீர்க்கை, கொத்தவரை, அவரை, முருங்கை, பூசணி, வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை எல்லாம் பண்ருட்டிக் கொல்லைகளிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வருபவை. ராமாபுரம் பக்கம் வாழை ஏராளம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் உழவர் சந்தையில் இருந்தாலும் நம் மண்ணில் விளைந்தவை அல்ல. மலையிலிருந்தோ ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்தோ லாரியில் வந்தவை. அவற்றை இங்கே வாங்குவதும் பான்பரி மார்க்கெட்டில் வாங்குவதும் ஒன்றுதான்.

உழவர் சந்தைக் காய் என்றால் மருந்தடிக்காத காய் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி இல்லை. கத்திரிக்கும் வெண்டைக்கும் இங்கேயும் மருந்து உண்டு. ஆனால் விளைவித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "எப்பங்க கடைசியா மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டால், ரெண்டு மூணு வாரம் பழகியவர் உண்மையைச் சொல்லிவிடுவார். சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

மறைமுகச் செலவு ரெண்டு. ஒன்று, விடியற்காலையில் போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் போனால் மிச்சம்தான். இன்னொன்று, மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய அள்ளி வந்து வியாழக்கிழமை பாதியைக் குப்பையில் போடுவது. ஐந்தில் ஒரு பங்கு அழுகினால் சந்தையில் மிச்சம் பிடித்த லாபம் அதோடு சரி.

வாசலுக்கு வரும் வண்டி, கீரைக்காரம்மா

இவர்களைக் கணக்கில் சேர்க்காமலே பலர் ஒப்பிடுகிறார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் இல்லை, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம், கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், மாசக் கடைசியில் கணக்கு வைத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு. அதே கொத்தமல்லிக்குக் குளிர்சாதனக் கடையில் ஸ்டிக்கர் ஒட்டித் தனிவிலை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் இதுதான் உண்மையில் மலிவு.

கீரைக்காரம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் தண்ணீரில் வளர்ந்த கீரை? கிணறா, போரா, ஊர்க் கழிவுநீர் ஓடுகிற வாய்க்காலா? மருந்தைவிட இதில்தான் எனக்குப் பயம் அதிகம். சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரைக்கு இயற்கைச் சான்றிதழ் ஒரு பரிகாரம் ஆகாது. பெரும்பாலும் அவர்களே பக்கத்துக் கிராமத்தில் பறித்து வருபவர்கள் என்பதால் ஊர்ப் பெயரோடு பதில் வரும்.

சூப்பர் மார்க்கெட்டும் ஆப்பும்

பருப்பு, மசாலா, சோப்பு வாங்கப் பரவாயில்லை. சலுகை நாட்களில் துவரம்பருப்பும் உளுந்தும் மளிகைக் கடையைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். காய்க்கு எனக்கு உடன்பாடில்லை. கிடங்குக்குப் போய், தரம் பிரித்து, பொட்டலமாகி வரும்போது நாள் கடந்திருக்கும். டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகக் குறைந்தபட்சத் தொகையை எட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜூஸ் என்று சேர்ப்போமே, அதுதான் இந்த வழியின் நிஜமான விலை. பழ வரிசையில் ஆப்பிள் பளபளக்கும். வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. ஆப்பிளில் அது ஒற்றை இலக்கம். ஆனாலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கொய்யாவோடு போனால் நன்றாக இருக்காது என்கிறார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத்துக்கு ஆப் தேவைதான். ஹோட்டலில் பரோட்டா வாங்குவதைவிட ஆப்பில் வந்த வெண்டைக்காய் மேல்.

இயற்கை அங்காடி, ஆரோவில் பக்கம்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் இயற்கை முறையில் பயிர் செய்யும் பண்ணைகள் உண்டு. அந்தத் தாக்கத்தில் சுற்றுவட்டாரத்திலும் நகரத்திலும் இயற்கை அங்காடிகள் பெருகியிருக்கின்றன. கடலூரிலிருந்து அங்கே போய்வர எழுபது கிலோமீட்டர் ஆகும். பைக்கில் போனாலும் நூற்றைம்பது ரூபாய் பெட்ரோல். ஏற்கெனவே புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர் வழியில் வாங்கி வந்தால் சரி. அதற்காகவே கிளம்புவது வெட்டிச் செலவு.

சான்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' என்ற அரசின் இயற்கை உணவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பங்கேற்பு முறையில், அதாவது ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி செய்யும் முறையில், சான்று பெற்ற விவசாயக் குழுக்களும் உண்டு. ரெண்டும் இல்லாமல், மண் கலர் அட்டையில் பச்சை எழுத்தில் 'நாட்டு' என்று போட்டிருந்தால் அது வெறும் பெயர்ப்பலகை. நேரில் தெரிந்த சிறு விவசாயி முத்திரை இல்லாமலே நல்லதைக் கொடுக்கலாம். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள நம்பிக்கை.

பணம் அளவாக இருந்தால் எல்லாவற்றையும் இங்கே வாங்க வேண்டாம். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், கீரை போன்ற, தோல் உரிக்காமல் அப்படியே உள்ளே போகிறவற்றை மட்டும் வாங்குங்கள். அளவு குறைவு என்பதால் செலவும் தாங்கும். கறிவேப்பிலை ஒரு தொட்டியிலும் வளரும். (கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டிச் செடிக்கு மழைநீரையோ குழாய்த் தண்ணீரையோதான் ஊற்ற வேண்டும்.) வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, பூசணி, சாம்பல் பூசணி, முருங்கைக்காய் இவற்றுக்கு இரட்டை விலை கொடுக்க எனக்கு மனம் வராது. தடித்த தோலைச் சீவிவிடுகிறோம், அல்லது மட்டையை உரித்துவிடுகிறோம். மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதில் ஊறவைத்தாலும் மேலே ஒட்டியதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவுகிற மருந்து போகாது. ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது இந்த வைத்தியங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

| | உழவர் சந்தை | தெரு வண்டி | ஆப், சூப்பர் மார்க்கெட் | இயற்கை அங்காடி |
|---|---|---|---|---|
| விலை | குறைவு | சற்றுக் கூடுதல் | நாளுக்கு நாள் மாறும் | மிக அதிகம் |
| எவ்வளவு புதிது | அன்று அல்லது முந்தைய மாலை பறித்தது | காலையில் நன்றாக இருக்கும் | பெரும்பாலும் நாள் கடந்தது | வரத்து நாளைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | விடியற்காலை, அழுகல் | அனேகமாக இல்லை | வேண்டாத பொருள், கட்டணம் | பயணம், பொய் முத்திரை |
| எதற்கு ஏற்றது | வாரக் காய் | கீரை, தினசரித் தேவை | பருப்பு, மளிகை | கறிவேப்பிலை, கீரை வகை |

மீன்: இங்கேதான் கடலூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம்

உள்ளூர், மலிவு, சத்து மூன்றும் ஒன்றாகச் சேருகிற ஒரே பொருள் நமக்கு மீன்தான். முதுநகர் துறைமுகம், தேவனாம்பட்டினம், புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு. இவ்வளவு பக்கத்தில் கடல் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் கோழிக்கு வரிசை கட்டுகிறோம்.

விருந்தாளி வந்தால் வஞ்சிரம் வாங்குங்கள், குற்றமில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு மத்தி, நெத்திலி, காணாங்கத்தை, காரப்பொடி. வரத்து நன்றாக உள்ள நாளில் ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு நாலு கிலோ மத்தி கிடைத்துவிடும். இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிற ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வந்துவிடுகிறது. இறாலில் தலையும் ஓடும் போனால் கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். நண்டில் சதை அதைவிடக் குறைவு. கிலோ விலையைப் பார்த்து இறால் மலிவு என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

துறைமுகத்தில் வாங்குவதா, தெருவுக்குக் கூடையோடு வருகிற அம்மாவிடம் வாங்குவதா? துறைமுகத்தில் கூறு வைத்து விற்பார்கள், விலை குறையும். ஆனால் ஒரு கூறு என்பது ரெண்டு மூணு கிலோவாக இருக்கும். பக்கத்து வீட்டோடு பிரித்துக்கொண்டால் மட்டுமே லாபம். சுத்தம் செய்து தருவதற்குத் தனிக் காசு. கூடைக்காரம்மா அரைக் கிலோவும் கொடுப்பார், வாசலிலேயே ஆய்ந்தும் தருவார். வாரம் ஒரு தடவை வாங்குகிறவருக்கு அவரே போதும். எங்கே வாங்கினாலும் செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். நெத்திலியில் வயிறு கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப் படகுகள் மட்டும் பக்கத்துக் கடலுக்குப் போய் வரும். மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் நம் மார்க்கெட்டுக்குக் கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கும். அந்த மீன் உள்ளூர் மீனும் அல்ல, மலிவும் அல்ல. அந்த ரெண்டு மாதம் முட்டை, காராமணி, கொண்டைக்கடலை, மொச்சைக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தைக் கருவாடு இருக்கிறதே என்பீர்கள். ருசிக்கு நானும் கட்சி. ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் மட்டும் அளவாக.

முட்டையில் நாட்டு முட்டை, ஃபார்ம் முட்டை சண்டை தேவையில்லை. இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாட்டு முட்டை விலைக்கு ரெண்டு ஃபார்ம் முட்டை வந்தால், வளருகிற பிள்ளைக்கு ரெண்டு.

எண்ணெய்: செக்கா, ரீஃபைண்டா, ரேஷன் பாமாயிலா

விருத்தாசலம் மல்லாட்டை (நிலக்கடலை) பேர்போனது. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே மல்லாட்டை ரகங்கள் இருக்கின்றன. அதனால் செக்கெண்ணெய்க்கு நம் பக்கம் மூலப்பொருள் தூரத்தில் இல்லை. விலைதான் இடிக்கிறது.

முன்னே சொன்ன 27 கிராம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். பல வீடுகளில் ஐந்து லிட்டர் டின் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. ஆக முதல் வேலை எண்ணெயை மாற்றுவது இல்லை, குறைப்பது. ஒன்றரை லிட்டர் குறைந்தால், அந்தக் காசில் மிச்சத்தின் ஒரு பகுதியைச் செக்கில் வாங்கலாம். தாளிப்புக்கும் குழம்புக்கும் செக்கு, எப்போதாவது வடை சுட ரீஃபைண்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு லிட்டர் பாமாயிலில் பாதிக்குப் பாதி உறைகொழுப்பு. தினச் சமையல் முழுவதையும் அதில் தள்ளக் கூடாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் செக்கின் பெருமையெல்லாம் அதிலேயே கருகிப்போகும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய் ஆட்டச் சுமார் இரண்டரைக் கிலோ மல்லாட்டைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள், பிண்ணாக்கு விற்று வருகிற காசைக் கழியுங்கள். அதற்கும் கீழே ஒருவர் 'சுத்தமான செக்கெண்ணெய்' விற்றால், அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேளுங்கள்.

அரிசி

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம். புதுச்சேரியில் பல ஆண்டுகள் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடைகள் மறுபடி திறந்தன. ரேஷன் அரிசியை மாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்குகிற வீடுகள் நிறைய. நாலு பேருக்குத் தேவை மாதம் 30 கிலோ தானியம். இருபதை ரேஷனில் எடுத்தால், பாக்கிப் பத்துக்கு மட்டும்தான் கைக்காசு. அந்தப் பத்தைக் கேழ்வரகு, கம்பு, ஆசைக்கு ரெண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா அல்லது தூயமல்லி என்று வாங்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து; அரிசியில் பத்தைத் தொடுவதே அரிது.

ரேஷன் அரிசியில் கொஞ்சம் நிறம் மாறித் தெரிகிற மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. எறிய வேண்டாம்.

மழை மாதங்கள்

மேலே சொன்னதெல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை செல்லாது. 2011-ல் 'தானே' புயல், 2024-ல் 'ஃபெஞ்சல்' புயல் என்று வந்தபோது காயும் வரவில்லை, படகும் போகவில்லை. பெரிய புயல் இல்லாத வருஷத்திலும் மழை வலுத்தால் தக்காளியும் கீரையும் எகிறும். உழவர் சந்தையில் பாதிக் கடை காலி. அப்போது சேனை, வாழைக்காய், பூசணி, உலர்ந்த மொச்சை, காராமணி இவைதான் கைகொடுக்கும். ஜூன், ஜூலையில் பண்ருட்டிப் பலா மலிகிறபோது கொட்டையைத் தூக்கிப் போடாமல் கழுவி உலர்த்தி வைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. குழம்புக்கு அதுவும் ஒரு காய்தான்.

எந்த வீட்டுக்கு எது

ஒருவராவது காலையில் வீட்டில் இருந்து, சைக்கிளோ பைக்கோ இருந்தால்: வாரம் இரண்டு தடவை உழவர் சந்தை, ஒரு தடவை மீன், மாதம் ஒரு முறை மொத்தமாகப் பருப்பு, ரேஷன் முழுவதும். இரண்டு பேரும் வேலைக்குப் போனால்: ஞாயிறு காலை மட்டும் சந்தை, நடுவில் தெரு வண்டி, அவசரத்துக்கு ஆப். முதியவர்கள் மட்டும் இருந்தால் வண்டியும் கூடைக்காரம்மாவும் போதும். கால் கிலோ வாங்கி அன்றே தீர்ப்பது நல்லது. கைக்குழந்தைக்குக் கீரை மசித்து ஊட்டுகிற வீடாக இருந்தால், அந்த ஒரு கட்டுக் கீரைக்கு மட்டும் தெரிந்த விவசாயியையோ இயற்கை அங்காடியையோ தேடிப் போகலாம். மற்ற காய்க்கு வேண்டியதில்லை.